மூன்று தட்டு, ஒரு நிமிடம்

பூமிக்குள் ஓடும் குழாயில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க ஒரு கம்பி போதும். ஆளின் நெஞ்சு உயரம், விரல் தடிமன். ஒரு முனை கூர், மறு முனையில் மரத்தில் கடைந்த சின்னக் கிண்ணம். கூர் முனையைக் குழாயின் மேலோ வால்வின் மேலோ ஊன்றிக் கிண்ணத்தில் காதை வைத்தால், தெரு தன் வயிற்றுக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கும். ஓட்டை இல்லாத குழாயும் சும்மா கிடக்காது. அசந்து தூங்குகிறவரின் மூச்சு மாதிரி ஒரு இழுப்பு அதில் இருக்கும். ஓட்டை இருந்தால் அதற்கு மேல் ஒரு சீறல். சின்ன ஓட்டை கீச்சென்று கத்தும், பெரிய ஓட்டை முணுமுணுக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, முணுமுணுப்பை விட்டுவிட்டுக் கீச்சுக் குரலைத் தேடித் தெருவெல்லாம் தோண்டுவார்கள்.

குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடமாக இந்தக் கம்பியைத் தூக்கியவரை எல்லோரும் காதுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்தத் தொழிலுக்கு ஒரு முதல் விதி உண்டு. ஒரே இடத்தில் கேட்டுவிட்டு முடிவு சொல்லக் கூடாது. ஒரு வால்வில் கேட்டால் சத்தம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அடுத்த வால்வுக்கு நடந்து போய் அங்கேயும் கேட்க வேண்டும். சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறதோ, அது அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அவ்வளவுதான், நாற்பதடி நடக்கிற வேலை. காதுக்காரர் இந்த விதியை ஒரே ஒரு குழாய் விஷயத்தில் மீறினார். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு மாதம்.

அந்தக் குழாய் ஒரு காலி மனையை ஒட்டி ஓடிய பழைய இரும்புக் குழாய். மனையைச் சுற்றித் தகர வேலி, உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல். ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கே நாலு மாடிக் கட்டடம் இருந்தது. மேல் இரண்டு மாடியும் தையல் பட்டறை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு அது கால் மடங்கிய மாடு மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

உள்ளே மாட்டியவர்கள் ஒன்பது பேர். அன்று மாலைக்குள் எட்டுப் பேரை உயிரோடு எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒருத்தி. இடிபாட்டுக்குள் கேட்கும் கருவி வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை யாருடைய காதை நம்புவது? வாரியத்துக்கு ஆள் அனுப்பிக் காதுக்காரரைக் கூட்டி வந்தார்கள்.

அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். விசில் ஊதினால் வண்டி, இயந்திரம், பேச்சு எல்லாம் நிற்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் மூன்று தட்டு. பிறகு ஒரு நிமிடம் அமைதி. உள்ளே உயிர் இருந்தால், கையில் கிடைத்ததை வைத்து மூன்று தட்டுத் தட்டும். அரை மணிக்கு ஒரு தடவை இப்படி. ஒலிபெருக்கியில் இதைச் சொல்லிச் சொல்லி, தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற குடும்பத்துக்காரர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. காதுக்காரர் கம்பியை ஊன்றிக் குனிந்தபடியே இருந்தார். முதல் நாள் ராத்திரி முழுக்கப் பதில் வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கும் வந்தது, மெலிசாக, இரும்பில் இரும்பு படுகிற சத்தம். பதினோரு மணிக்குப் பிறகு வரவில்லை.

மதியம் இரண்டு நாற்பதுக்கு மீட்பு அதிகாரி அவர் தோளைத் தொட்டார். "தளம் சரியுது. மேல நிக்கிற என் ஆளுங்களுக்கு ஆபத்து. மெஷினை விட்டாத்தான் தூக்க முடியும். விட்டா உள்ள இருக்கிறவங்க தாங்க மாட்டாங்க. கேக்குதா, கேக்கலையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

காதுக்காரர் இன்னொரு நிமிடம் கேட்டார். இன்னும் ஒன்று. பிறகு நிமிர்ந்தார்.

"ஒன்னும் கேக்கல."

மாலை ஐந்து மணிக்கு அவளை எடுத்தார்கள். குழாயை அணைத்தபடி படுத்திருந்தாள். கையில் தையல் கத்தரிக்கோல். உயிர் எப்போது போனது என்பதற்கு டாக்டர் 'மதியம்' என்று மட்டும் எழுதினார். மதியம் என்பது பன்னிரண்டு மணியும்தான், மூன்றரை மணியும்தான்.

அதற்குப் பிறகு காதுக்காரர் அந்த வட்டாரத்துக்கே போகவில்லை. இவனிடம் கெஞ்சி, அவனுக்கு மாற்று நாள் பார்த்து, ஐந்தரை வருடம் ஓட்டிவிட்டார். கடைசியில் அந்த வட்டாரத்தைப் பார்த்தவர் ஓய்வு பெற்றார், வேறு ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சுற்று இவர் தலையில் விழுந்தது. ஞாயிறு மதியம் குழாய்க்கு நல்ல நேரம். கடைகள் மூடியிருக்கும், லாரி ஓடாது, சாப்பிட்ட வீடுகள் சுருண்டு படுத்திருக்கும், ஒருத்தரும் குழாயைத் திறக்க மாட்டார்கள்.

முதல் ஞாயிறே மனையை ஒட்டிய வால்வில் கம்பியை ஊன்றினார். வழக்கமான மூச்சுதான். இரண்டு நாற்பது ஆனது.

டங். டங். டங்.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி மூன்று.

காதுக்காரருக்கு முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அவர் குழாயோடு பழகியவர். பயந்துகொண்டே காரணம் தேடினார். எங்கோ மோட்டார் நின்றால் தண்ணீர் முட்டிக்கொண்டு ஒரு இடி இடிக்கும். ஆனால் அது ஒரு இடி, பிறகு எதிரொலி. வெயிலில் குழாய் நீண்டால் டிக்கென்று ஒரு சத்தம் வரும், அதற்கு நேரம் காலம் கிடையாது. வால்வுக்குள் வட்டு ஆடினால் படபடவென்று விடாமல் அடிக்கும். எதுவும் ஒத்துவரவில்லை. இரும்புக்கு மூன்று வரைக்கும் எண்ணத் தெரியாது. எண்ணிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கச் சுத்தமாகத் தெரியாது.

அடுத்த வால்வு நாற்பதடியில் இருந்தது. அவர் போகவில்லை. அங்கே சத்தம் குறைந்தால், அது மனைக்குள்ளிருந்து வருகிறது. கூடினால், அது அவள் இல்லை. இந்த இரண்டில் எதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஞாயிறு, வால்வைத் திருகும் இரும்புச் சாவியால் அவர் பதிலுக்கு மூன்று தட்டுத் தட்டினார்.

நெடுநேரம் அமைதி. பிறகு குழாய் மூன்று தட்டியது, அவசர அவசரமாக, பறிகொடுத்ததைப் பார்த்துவிட்டவர் மாதிரி.

அவர் மனைவி ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவர். அந்த மாதங்களில் சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு சொல்லகராதியின் தாள்கள் பரந்து கிடந்தன. ஒரே குடும்பத்துச் சொற்களைச் சேர்த்து வைத்து ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்று சொல்கிற அகராதி.

"என்னங்க, விடாமுயற்சிக்கும் பிடிவாதத்துக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க பாப்போம்."

"என்னைப் பாத்தே எழுதிக்க வேண்டியதுதானே?"

"உங்களைப் பாத்தா ரெண்டாவதுக்கு மட்டும்தான் எழுத முடியும்."

அவர் சிரித்தார். மனைவி விளக்க ஆரம்பித்தால் அவர் கை சும்மா இருக்காது, சொல்லுக்கு ஒரு பக்கமாகத் தாளை நகர்த்தி வைப்பார். "இப்ப பாருங்க. அயராமைன்னா களைப்பு தட்டாம செய்யறது. தளராமைன்னா களைப்பு தட்டினாலும் மனசு தொய்யாம செய்யறது. சளைக்காமைன்னா எதிர்ல ஒரு ஆள் வேணும், அவனுக்கு விட்டுக்கொடுக்காம நிக்கறது. அடம் குழந்தைக்கு, முரண்டு குழந்தைக்கும் மாட்டுக்கும். வைராக்கியம்னா உள்ள ஒரு காயம் இருக்கும், அதை மறக்காம இருக்கத்தான் செய்யறது. இது எல்லாத்துக்கும் நடுவுல உக்காந்திருக்கு விடாமுயற்சி. 'எடுத்த காரியத்தை அது முடியும்வரை கைவிடாமல் செய்தல்.' நல்லாத்தானே இருக்கு?"

காதுக்காரர் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். "முடியும்வரைன்னு போட்டிருக்கே. முடிஞ்சிடுச்சுன்னு யாரு சொல்றது?"

மனைவி பேனாவை மூடினார். எந்த இடத்தைப் பற்றிப் பேச்சு என்று அவருக்குத் தெரியும்.

"அதெல்லாம் அகராதியில வராதுங்க." தாள்களை அடுக்கிக்கொண்டே, "அன்னைக்கு நீங்க கேட்டதைத்தானே சொன்னீங்க," என்றார்.

"கேட்டதைச் சொல்லல. கேக்காததைச் சொன்னேன்."

குழாய் பேசுவதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அதற்குப் பதில் அலுவலகத்துக்கு மனு எழுத ஆரம்பித்தார். மனையை ஒட்டிய குழாயில் ஐயத்துக்குரிய சத்தம், தோண்டிப் பார்க்க அனுமதி வேண்டும். மீட்டர் கணக்கில் ஒரு சொட்டும் குறையவில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். கசிவு என்று எழுதினார், அரிப்பு என்று எழுதினார், பொதுமக்கள் நலன் என்றுகூட ஒரு தடவை எழுதினார். தோண்டினால் என்ன கிடைக்கும் என்று அவரையே கேட்டிருந்தால் முழித்திருப்பார். அந்தக் கட்டடத்துக்குப் போன கிளைக் குழாய் இன்னும் மண்ணுக்குள் இருக்கும். அதன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினோராவது மனுவுக்குப் பிறகு இன்ஜினியர் அம்மா கூப்பிட்டனுப்பினார். அவரைவிட இருபது வயது இளையவர், வாயாடி.

"உக்காருங்க காதுக்காரரே. உங்க தொல்லை தாங்கல. ஆர்டர் போட்டாச்சு. திங்கக்கிழமை தோண்டறோம். ஃபைல்ல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? 'இந்த ஊழியரின் விடாமுயற்சியின் பேரில்'னு எழுதியிருக்கேன். ஃபிரேம் போட்டு மாட்டிக்குங்க."

"ரொம்ப நன்றிங்க. கிளைக் குழாய்கிட்ட மட்டும் தோண்டினா..."

"கிளையாவது இலையாவது. மொத்த லைனையும் எடுக்கறோம். அம்பது வருஷத்து இரும்பு. புதுசா பிளாஸ்டிக் போடப்போறோம்."

"பிளாஸ்டிக்கா?"

"பின்ன, தங்கத்துலயா?"

இரும்பில் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு தெரு தாண்டியும் கேட்கும். பிளாஸ்டிக் அப்படி இல்லை, சத்தத்தைத் தின்றுவிடும். பத்தடி போவதற்குள் எதுவும் மிஞ்சாது. காதுக்காரருக்கு இது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஏழு மாதம் விடாமல் எழுதி எழுதி, அவர் வாங்கியிருந்தது அந்தக் குரலை அடைக்கும் உத்தரவு.

தோண்டுவதற்கு முந்தின நாள் ஞாயிறு. எங்கெங்கே அறுப்பது என்று ஒவ்வொரு வால்வாகச் சுண்ணாம்புக் குறி போட வேண்டும். வால்வு மூடியிருக்கிறதா, ஓட்டம் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றிலும் கேட்காமல் குறி போட முடியாது. இனி தப்பிக்க வழியில்லை.

இரண்டு நாற்பதுக்கு மனையருகே கம்பியை ஊன்றினார். டங். டங். டங். இந்தத் தடவை பதில் தட்டவில்லை. கம்பியைப் பிடுங்கிக்கொண்டு நாற்பதடி நடந்தார்.

சத்தம் கூடியது.

மூன்றாவது வால்வில் இன்னும் கூடியது. மனை முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தெரு முனை திரும்பி நான்காவது வால்வு. அங்கிருந்து ஒரு சந்து. சந்தின் கடைசியில் பச்சைக் கதவு போட்ட சின்ன வீடு, வாசலில் வாரியத்தின் அடைப்பு வால்வு. அதில் கம்பியை வைத்தபோது காதில் அறைந்த மாதிரி விழுந்தது. கம்பியை எடுத்த பிறகும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். எத்தனை தட்டுத் தட்டுவது? "சார்," என்று குரல் கொடுத்தார்.

திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி. கையில் ஒரு பெரிய தையல் கத்தரிக்கோல், பிடியில் கறுப்புப் பூச்சு உரிந்து இரும்பு தெரிந்தது.

"வாரியமா? நாளைக்குத்தானே தோண்டறீங்க?"

"ஆமாங்க. குறி போட..."

"உஷ். ஒரு நிமிஷம்."

அவர் உள்ளே போய், துவைக்கிற இடத்துக் குழாயில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். காதுக்காரர் வாசலில் நின்றபடி தன் மூச்சை அடக்கினார். அது முழுசாக ஒரு நிமிடம் இருந்தது, ஒரு நொடி கூடவும் இல்லை குறையவும் இல்லை.

"இன்னைக்கு வரல," என்றார் வீட்டுக்காரர், எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு. "தப்பா நினைச்சுக்காதீங்க. கண்ணாடிக்கடை வச்சிருக்கேன். மதியம் கடையை மூடிட்டு வந்து தினமும் தட்டுவேன். ஆறு வருஷமா. யாராவது பாத்தா பைத்தியம்னு நினைப்பாங்க."

"எதுக்குங்க?" என்று கேட்டார் காதுக்காரர். தெரிந்தும் கேட்டார்.

"என் சம்சாரம் அந்தப் பட்டறையில இருந்தா. இது அவ கத்திரிதான்." அவர் குரல் தணிந்தது. "அஞ்சு வருஷத்துக்கு மேல ஒன்னும் வரல. விட்டுட்டிருக்கலாம். நான் விடல. இப்போ ஏழு மாசமா பதில் வருதுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த நாள் ஏன் வரலன்னு யோசிச்சுப் பாத்தேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "அவளுக்கு ஞாயிறுதானே லீவு."

காதுக்காரர் தன் கையிலிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். இப்படியே குறி போட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். நாளைக்குக் குழாய் போய்விடும். பதில் நின்றுபோனதற்கு இந்த மனிதர் காலம் பூரா வாரியத்தைத் திட்டிக்கொண்டிருப்பார், திட்டிக்கொண்டே நிம்மதியாகவும் இருப்பார். ஆனால் இதே மனிதரின் மனைவி விஷயத்தில் ஒரு தடவை ஒரே வார்த்தையில் பதில் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது தடவையும் அரைகுறையாகச் சொல்வதா?

காதுக்காரர் உள்ளே போனார். பையிலிருந்து வால்வுச் சாவியை எடுத்து, குழாயருகே உட்கார்ந்து, மூன்று தட்டுத் தட்டினார். அவருடைய இரண்டாவது தட்டு எப்போதும் கொஞ்சம் பின்தங்கி விழும்.

கண்ணாடிக்கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஏழு மாதம் கேட்ட தட்டு அவருக்குத் தெரியாதா?

"நீங்களா," என்றார்.

"நான்தாங்க. மனைக்குள்ளேருந்து வருதுன்னு நினைச்சேன். அவங்கதான்னு நினைச்சுப் பதில் தட்டினேன்." நிறுத்தினால் சொல்ல முடியாது என்று மடமடவென்று சொன்னார். "அன்னைக்குக் கம்பி வச்சுக் கேட்டவனும் நான்தான்."

மற்றவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "முகம் ஞாபகம் இல்ல. முதுகுதான் ஞாபகம் இருக்கு. நீங்க நிமிந்தீங்க, ஒன்னும் கேக்கலன்னு சொன்னீங்க. அப்புறம் அந்த ஆபீசர் நேரா என்கிட்ட வந்தார். மெஷினை விடலாமான்னு கேட்டார். நான் தலையாட்டினேன்."

இது காதுக்காரருக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டிருப்பார்கள் என்றே அவர் நினைத்ததில்லை.

"உங்க காதை நம்பித் தலையாட்டினேன். இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. நெஜமாவே ஒன்னும் கேக்கலையா?"

"கேக்கல. ஆனா கேக்கலன்னா இல்லன்னு அர்த்தம் இல்லீங்க. குழாயைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஆள் படுத்திருந்தா சத்தம் அமுங்கிடும். கையில தெம்பு இல்லன்னாலும் கேக்காது. இதையும் நான் சொல்லியிருக்கணும். ஒரே வார்த்தையில கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"போங்க," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். சத்தம் போடவில்லை. கதவு மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே பள்ளம் தோண்டிக் குழாயைத் திறந்துவிட்டார்கள். துருப்பிடித்து, செம்மண்ணில் புரண்ட பாம்பு மாதிரி கிடந்தது. மேஸ்திரி அறுக்கும் இயந்திரத்தோடு தயாராக நின்றார். காதுக்காரர் மேல்வால்வு சரியாக மூடவில்லை என்றார். மூடியது. அழுத்தம் இறங்கவில்லை என்றார். இறங்கியது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

"உங்களுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு? தோண்டுங்க தோண்டுங்கன்னு உயிரை வாங்கினதும் நீங்கதான், இப்போ அறுக்க விடாம நிக்கறதும் நீங்கதான்," என்றார் மேஸ்திரி.

இரண்டு நாற்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சந்துப் பக்கமிருந்து கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். காதுக்காரரைப் பார்க்காமலே பள்ளத்துக்குள் இறங்கினார்.

"எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லுங்க."

காதுக்காரர் கையைத் தூக்கினார். இயந்திரம் நின்றது, மண்வெட்டிகள் நின்றன. கண்ணாடிக்கடைக்காரர் கத்தரிக்கோலை அவரிடம் நீட்டினார். "நீங்க தட்டுங்க. நான் கேக்கறேன்."

காதுக்காரர் கம்பியைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். கூர் முனையை நேராக ஊன்ற வேண்டும், சாய்க்கக் கூடாது. கிண்ணத்தில் காதை அழுத்தக் கூடாது, அழுத்தினால் சொந்த ரத்தம் ஓடுவதுதான் கேட்கும். அந்த மனிதர் பள்ளிப் பையன் மாதிரி சொன்னபடி செய்தார். கத்தரிக்கோலின் பிடி கையில் சில்லென்று இருந்தது. காதுக்காரர் தட்டினார்.

டங். டங். டங்.

பச்சைக் கதவு வீடு பூட்டியிருந்தது. தண்ணீர் நிறுத்திய தெருவில் குழாயைத் தொட ஒருவருக்கும் வேலையில்லை. பதில் தட்டக்கூடிய இரண்டு பேரும் இந்தப் பள்ளத்துக்குள்தான் இருந்தார்கள். ஒரு நிமிடம் ஆனது. குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு ஆனது. அவர் கண்கள் மூடியிருந்தன. மூன்றாவது நிமிடத்தின் நடுவில் எங்கோ அவர் புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியது. வியர்வை கண்ணில் விழுந்தாலும் அப்படி ஆகும்.

"ஐயா, ஏதாவது கேக்குதா?" மேஸ்திரி மேலிருந்து கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லுங்க, வேலையைப் பாக்கணும்."

கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாக நிமிர்ந்தார். மேஸ்திரியைப் பார்க்கவில்லை, காதுக்காரரையே பார்த்தார்.

"ஒன்னும் கேக்கல."

குரலில் எதுவும் இல்லை. இருபத்தாறு வருடமாக மண்ணுக்கடியில் மயிரிழை ஓட்டையைப் பிடித்த காது, அந்த இரண்டு சொல்லுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று பிடிக்கப் பார்த்துத் தோற்றது.

கண்ணாடிக்கடைக்காரர் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, ஊன்றிய கம்பியை அப்படியே காதுக்காரர் கையில் விட்டுவிட்டு மேலே ஏறினார்.

"அறுக்கலாமா?" என்றார் மேஸ்திரி.

கம்பி இன்னும் குழாயின்மேல்தான் ஊன்றியிருந்தது. மரக்கிண்ணம் அடுத்தவர் காதின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் தன் காதை ஒரு முறை வைத்துப் பார்க்கக் காதுக்காரருக்கு நேரம் இருந்தது. தலை பாதி குனிந்தும்விட்டது.

அவர் கம்பியைக் குழாயிலிருந்து எடுத்தார். மேஸ்திரியைப் பார்த்துத் தலையாட்டினார்.